பிளாஸ்டிக்கில் முளைத்த நரம்பு

ஸ்ரீரங்கத்தில் பெருமாளுக்குக்கூட இலவச தரிசன வரிசை உண்டு. கண் வைத்தியம் பார்க்கும் நேத்திர சித்தருக்குக் கிடையாது. ஆனாலும் அவர் வாசலில் நிற்க இடமில்லை.

வித்தை சுலபம். நோயாளியின் கண்ணோரம் ஆமணக்குக் குழலை வைத்து உறிஞ்சுவார். தட்டில் துப்புவார். சிவப்பாக இரண்டு இழை விழும். "கெட்ட நரம்பு வந்திருச்சு" என்பார். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும்.

முசிறி வெள்ளையம்மாளுக்கு இரண்டு முறை உறிஞ்சியாயிற்று. இன்று மூன்றாவது. துணைக்குப் பக்கத்து வீட்டு கமர் ஜஹான்.

"தில்லை நகர் கண் டாக்டரம்மா என்னக்கா சொன்னாங்க?" என்று கேட்டார் கமர் ஜஹான்.

"சர்க்கரையால விழித்திரைக்கு ரத்தம் பத்தலையாம். புது ரத்தக் குழாய் வேணும், குழாய் வேணும்னு அது கத்துதாம். உடம்பை வளர்க்குற ஹார்மோன் ஒண்ணு கூட நின்னு தூபம் போடுதாம். அப்படி முளைக்குற குழாய் மெல்லிசா இருக்குமாம். வெடிச்சு உள்ளேயே ரத்தம் கசியுது, கண்ணுல ஊசி போடணும்னாங்க."

"போட்டீங்களா?"

"கண்ணுலயா! இவரு வலிக்காம எடுக்குறாரே. இன்சுலினையும் நிறுத்தச் சொல்லிட்டாரு. அதுவும் ஹார்மோன்தானாம், எல்லாம் கூட்டாளிங்களாம்."

"இப்ப பார்வை எப்படி?"

"வலது கண்ணுல கறுப்பா வலை தொங்குது. போன வாரம் ஒண்ணு. இப்ப நாலு."

கமர் ஜஹான் எழுந்து, வெள்ளையம்மாளையும் இழுத்துக்கொண்டு முன்னால் போய் உட்கார்ந்தார். "சாமி, முதல்ல எனக்குப் பாருங்க. இடது கண்ணு."

"அந்தக் கண்ணா? அது..." என்றார் வெள்ளையம்மாள். தொடையில் ஒரு கிள்ளு விழுந்தது. வாயை மூடிக்கொண்டார்.

சித்தர் இமையை விரித்தார். "ஐயோ! நரம்பு காடா மண்டிக் கிடக்கு. ஒரு மாசம் விட்டிருந்தா பார்வையே போயிருக்கும்."

உறிஞ்சினார். மூன்று இழை. கூட்டம் சிலிர்த்தது.

கமர் ஜஹான் கீழ் இமையை அழுத்தினார். கண் உள்ளங்கையில் வந்து விழுந்தது. இழைகளுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பிளாஸ்டிக்குங்க. அஞ்சு வயசுலேருந்து இதுதான். இதுல எப்படி நரம்பு முளைச்சுச்சு?"

சித்தர் உதட்டை இறுக்கி மூடினார்.

"வாயைத் தொறங்க சாமி" என்றார் வெள்ளையம்மாள்.

சித்தர் தலையை மட்டும் ஆட்டினார். முன்வரிசை ஆள் ஒருவர் தாடையைப் பிடித்தார். கன்னத்துக்குள் அடுத்த நோயாளிக்கான சிவப்பு நூல் தயாராக இருந்தது.

"பிளாஸ்டிக்லேருந்தே நரம்பு எடுத்தாருன்னா எப்பேர்ப்பட்ட சக்தி!" என்றது பின்வரிசை.

வெள்ளையம்மாள் அன்றே தில்லை நகர் போனார். இடது கண் தப்பியது. வலது கண்ணில் பாதிதான் மீண்டது. மீதியைச் சித்தர் உறிஞ்சிவிட்டிருந்தார்.

கண்ணுக்கு டாக்டர் இருக்கிறார். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் மூளையை அவரவர்தான் பயன்படுத்த வேண்டும்.