அப்பாவின் எலெக்‌ஷனும் என் அவரைக்கொடியும்

செடி வளர்க்கிறவர்களிடம் "என்ன உரம் போடுறீங்க?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். பதில் சொல்லிவிடுவார்கள். கல்யாண மேடையில் தாலி கட்டும் நேரமாக இருந்தாலும் சொல்வார்கள். ஆஸ்பத்திரியில் மூக்கில் குழாய் இருந்தால் அதை ஒதுக்கிவிட்டுச் சொல்வார்கள். நான் சொன்னேன். என் அப்பா தேர்தலில் தோற்றார்.

மும்பை செம்பூரில் ஒரு சொசைட்டி கட்டடத்தில் எங்கள் வீடு இரண்டாவது மாடி. அப்பாவுக்குத் தாராவியில் ஸ்டீல் பீரோ செய்யும் பட்டறை. இங்கே குடிவந்து எத்தனையோ வருஷமாகியும் சொசைட்டியின் (அதாவது குடியிருப்போர் சங்கத்தின்) நிரந்தர செக்ரட்டரி குல்கர்ணி அங்கிளுக்கு அப்பாவின் பெயர் தெரியாது. "தாராவிவாலே", தாராவிக்காரன், என்றுதான் கூப்பிடுவார். கேட் தொங்கினால் "தாராவிவாலே கோ புலாவ்" (கூப்பிடு அவனை). மொட்டைமாடிக் கதவு துருப்பிடித்தால் "தாராவிவாலே கஹாங் ஹை?" (எங்கே அவன்?) அப்பாவும் வெல்டிங் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்ச் சரிசெய்துவிட்டு, ஒரு டீகூடக் குடிக்காமல் திரும்புவார்.

அந்த மனிதர் ஒருநாள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "இந்தத் தடவ செக்ரட்டரிக்கு நான் நிக்கப்போறேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "எதுக்கு? இருக்கிற சீவனத்துக்கு என்ன கொறச்சல்?"

"ஒரே ஒரு தடவ அந்த ஆளு வாயால என்ன 'செக்ரட்டரி சாப்'னு கூப்பிடணும். அவ்வளவுதான்."

அதே மே மாதத்தில்தான் எனக்கு அவரைப் பைத்தியம் பிடித்தது. (அதற்கு முன்பு கிடார், ஸ்கேட்டிங், ஜப்பானிய மொழி. மூன்றும் பரணில் இருக்கின்றன.) ஐரோலி ஆபீசுக்குப் போய்வரும் பஸ்ஸில் மாடித்தோட்ட வீடியோ பார்த்துப் பார்த்து, ஒரு பந்தலே போடும் அளவுக்குத் தெம்பு வந்துவிட்டது. எங்களுக்கென்று மொட்டைமாடி கிடையாது. சமையலறை ஜன்னலின் கிரில்தான் இருந்தது. அதனால் என்ன?

"ஆடியில போடுட்டி. அவரைக்கு அதுதான் பட்டம்" என்றாள் அம்மா.

"ஆடி வரைக்கும் யாரும்மா காத்திருப்பா?"

மாட்டுங்கா மார்க்கெட்டில் வாங்கிய முற்றின காயை உரித்து, பழைய பெயிண்ட் டப்பாவில் ஊன்றினேன். முளைத்தது. அதன்பிறகு அதை நிறுத்த ஆளில்லை. கிரில்லைப் பிடித்தது. காயப்போட்ட என் துப்பட்டாவைப் பிடித்தது. (அது இன்றுவரை திரும்பக் கிடைக்கவில்லை.) கடைசியில் டிஷ் ஆன்டெனாவின் கேபிளைப் பிடித்துக்கொண்டு மேல்மாடிக்குக் கிளம்பிவிட்டது. இலை, இலை, மேலும் இலை. மழைக்காலம் முழுக்க ஒரு மொட்டுகூட இல்லை.

"ஏட்டி, ஒரு ஆட்டையும் வாங்கிக் கட்டிரு. கொழையாவது வீணாப் போகாது" என்றாள் அம்மா.

என் மானம் போனது. புளித்த மோர் ஊற்றினேன். காட்கோபரில் ஒரு மாட்டுத் தொழுவத்திலிருந்து சாணத்தை டிபன் டப்பாவில் அடைத்து பஸ்ஸில் கொண்டுவந்தேன். (பக்கத்து சீட்காரர் இறங்கிப் போய்விட்டார், அவருடைய ஸ்டாப் அது இல்லை என்று இப்போதும் நம்புகிறேன்.) அப்போதும் பூக்காததால் பிரம்மாஸ்திரத்தை எடுத்தேன்: மீன் அமிலம்.

அம்மா பாங்டா வாங்கும்போதெல்லாம் (நம்ம ஊர் அயிலைதான்) தலையையும் குடலையும் கேட்டு வாங்கி, சம அளவு வெல்லம் போட்டு, ஜாடியில் இறுக்கி மூடிக் குளியலறைப் பரணில் வைத்தேன். மூடியைத் திறந்த முதல் தடவை அப்பா வீடு முழுக்கச் செத்த எலியைத் தேடினார். ஆனால் வாரங்கள் போகப்போக வீடியோவில் சொன்னபடியே பழுத்த பழ வாசனை வந்தது. தண்ணீரில் கொஞ்சமாகக் கலந்து ஊற்றினேன். வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது.

நவம்பரில் ஒருநாள் காலை, கொடி பூத்தது. எங்கே? மூன்றாவது மாடியில்! எங்கள் ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடம் வெயிலை மறைத்துக்கொண்டு நின்றதால், வெயில் படும் மேல்மாடி ஜன்னலில் போய்க் கொத்துக்கொத்தாகப் பூத்து, சில வாரத்தில் காய்த்தும்விட்டது. மண் என்னுடையது, தண்ணீர் என்னுடையது, மீன்தலை என்னுடையது. காய் மட்டும் ஹன்சா பென்னுடையது.

மேல்வீட்டு ஹன்சா பென் குஜராத்தி (பென் என்றால் அக்கா). வெங்காயம் பூண்டுகூட வீட்டுக்குள் வராது. அவர் தலைமையில் ஒரு பஜனை மண்டலி உண்டு. பென் கை தூக்கினால் பாதிக் கட்டடம் கை தூக்கும்.

"பேட்டா, தேரி பாப்டி!" (உன் அவரைக்காய்!) என்று ஜன்னலிலிருந்து கூவினார். பறித்தார். குஜராத்திகள் குளிர்காலத்தில் செய்யும் ஊந்தியு என்ற கூட்டை அதில் செய்து, ஒரு கிண்ணத்தில் எங்களுக்கும் அனுப்பினார். என் வீட்டு அவரைக்காய் மேலே போய், மூடிபோட்ட கிண்ணத்தில் உட்கார்ந்து, விருந்தாளி மாதிரி என் வீட்டுக் காலிங்பெல்லை அடித்தது!

"அப்பா, இது அநியாயம். நான் போய்க் கேக்கப்போறேன்."

"வாய மூடுட்டி" என்றார் அப்பா, ருசித்துச் சாப்பிட்டபடி. "ஒவ்வொரு காயும் ஒரு ஓட்டு. நல்லாத் தண்ணி ஊத்து."

ஊற்றினேன். மண்டலிப் பெண்கள் எல்லோருக்கும் காய் போனது. லிப்ட்டில் அப்பாவுக்கு வணக்கம் சொல்ல ஆரம்பித்தார்கள். குல்கர்ணி அங்கிளின் முகம் சுண்டிப்போனது. அப்பா புதுச் சட்டை தைத்தார்.

ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கீழே கார் நிறுத்தும் இடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஆண்டுக்கூட்டம். கூட்டம் முடிந்ததும் எல்லோருக்கும் கொடுக்க ஹன்சா பென் ஒரு பெரிய பாத்திரம் ஊந்தியு கொண்டுவந்திருந்தார். வாசனைக்கே பாதிப்பேர் அப்பா பக்கம் சாய்ந்திருந்தார்கள். அப்பா மைக்கில் தண்ணீர்த் தொட்டி பற்றிப் பேசி முடித்தார். கைதட்டினார்கள். பென் எழுந்து, அப்பாவைக் காட்டி, "பாய்சாப் நல்ல மனுஷர். அவர் பொண்ணு வளர்க்கிற பாப்டி மாதிரி நான் சூரத்தில்கூடச் சாப்பிட்டதில்லை" என்று இந்தியில் சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பினார். "பேட்டா, என்ன போடுறே அதுக்கு?"

எட்டு மாதமாக வீட்டில் யாரும் என்னிடம் கேட்காத கேள்வி! அப்பா கையிலிருந்த மைக் எப்படி என் கைக்கு வந்தது என்று எனக்கே தெரியாது.

மோர் பற்றிச் சொன்னேன். தலையாட்டினார்கள். சாணம் பற்றிச் சொன்னேன். "வாஹ், வாஹ்" என்றார்கள். அங்கே நிறுத்தியிருக்கலாம். "ஆனா, அசல் ரகசியம் வேற" என்றேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா தன் கழுத்துக்குக் குறுக்கே கையை இழுத்துக் காட்டினார். மைக்கைக் கழுத்துக்கு நேராகப் பிடிக்கச் சொல்கிறார் என்று நினைத்து, அப்படியே பிடித்துக்கொண்டு, தெளிவாகச் சொன்னேன்:

"பாங்டா கா சிர். பாங்டாத் தலையும் வெல்லமும்."

ஒரு காக்கை கரைந்தது.

"பேட்டா," என்றார் குல்கர்ணி அங்கிள். அவ்வளவு பாசமாக அவர் என்னிடம் பேசியதே இல்லை. "பின்னாடி உள்ளவங்களுக்குக் கேக்கல. இன்னொரு தடவ சொல்லும்மா."

சொன்னேன்.

ஹன்சா பென் ஊந்தியு பாத்திரத்தை மெதுவாக மூடினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சும்மா இருந்தேனா? படித்தவள் அல்லவா, அறிவியலைக் கொண்டு அணை போட்டேன். "ஆன்ட்டி, கவலையே படாதீங்க! காய்க்குள்ள மீன் கிடையாது. மீன் அப்படியே மக்கி, வேர் வழியாப் போயி, காயா மாறிடுது!"

பின்வரிசையில் யாரோ ஓங்கரித்தார்கள்.

ஓட்டெடுப்பு கை தூக்கித்தான். அப்பாவுக்கு ஆதரவாக உயர்ந்த கைகளை எண்ண ஒரு கையின் விரல்களே போதும். அதிலும் ஒன்று என் கை. ஒரு வீட்டுக்கு ஒரு ஓட்டுதான் என்று குல்கர்ணி அங்கிள் அதையும் கழித்துவிட்டார். அவர் போட்ட முதல் உத்தரவு: கிரில்லுக்கு வெளியே செடி கூடாது. கொடியை வெட்ட இரும்புக் கத்தரி வேண்டியிருந்தது.

"தாராவிவாலே கோ புலாவ்."

அப்பாவே போய் வெட்டினார். புதுச் சட்டையைக் கழற்றக்கூட இல்லை. சினந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தேவலை என்றிருந்தது.

நான் மேலே போய் மன்னிப்புக் கேட்டேன். பென் கதவைச் சங்கிலியோடு திறந்தார். அன்று பிராயச்சித்தமாகப் பட்டினியாம். "நீங்கதானே ஆன்ட்டி கேட்டீங்க?" என்றேன், முட்டாள்தனமாக.

"கேட்டேன். மைக்கிலயா சொல்லச் சொன்னேன்?"

இதில் எனக்குத் தாங்க முடியாதது இன்னொன்று உண்டு. பிறகுதான் படித்தேன். அவரை, பகல் குறுகிக் குளிர் தொடங்கினால்தான் பூக்கும். மேயில் போட்டாலும் ஆடியில் போட்டாலும் அது நவம்பரில்தான் பூத்திருக்கும். மீன்தலைக்கும் பூவுக்கும் சம்பந்தமே இல்லை. அதாவது, நான் சொன்ன ரகசியம் அப்பாவைத் தோற்கடித்ததோடு, தப்பாகவும் இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். "அதத்தான ஆடின்னு சொன்னேன்" என்று அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை செம்பூர் மார்க்கெட்டுக்கு அப்பாவும் நானும்தான் போகிறோம். மீன்கார மௌசி பாங்டாவை வெட்டிவிட்டு, தலையைத் தனியாக எடுத்துக் காட்டி, வேண்டுமா என்று கேட்பாள். அப்பா என்னை ஓரக்கண்ணால் பார்ப்பார்.

"வேண்டாம் மௌசி. இவகிட்ட ஒரு தடவ கொடுத்தோம். ஆட்சியே போச்சு."

மௌசிக்கு இன்றுவரை கதை தெரியாது. ஆனாலும் ஒவ்வொரு வாரமும் சிரிக்கிறாள். நான்தான் பையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.