வருத்தத்துக்குப் பெயர் வைத்த குடும்பம்

உலகத்தில் நோய்க்கு மருந்து கண்டுபிடித்தவர்கள் பலர். நோய்க்குப் பெயர் கண்டுபிடிப்பதில் மட்டும் மன்னார்த் தீவில், ஏன், ஆசியாவிலேயே, பேசாலையிலுள்ள எங்கள் குடும்பத்தை மிஞ்ச ஆளில்லை. அரச கந்தோரில் பிரதம இலிகிதராக இருந்து ஓய்வுபெற்ற யாகப்பர் ஆகிய நான் இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை, பதிவுக்காகச் சொல்கிறேன்.

என் கடைசித் தம்பி எமிலியானுஸுக்குக் குரல்கள் கேட்கும். வாலிபத்தில் தொடங்கியது. வைத்தியர்கள் அதை மனச்சிதைவு என்றார்கள். மருந்துக் குளிசையை ஒழுங்காகப் போட்டால் குரல்கள் தணிந்துவிடும். அவனும் கரையில் படகு எஞ்சின் திருத்திக்கொண்டு எல்லோரையும் போல இருப்பான். குரல்கள் என்ன சொல்லும் என்று யாராவது கேட்டால், "எங்கட பெரியண்ணையை விடக் குறைவாத்தான் கதைக்கும்" என்பான். அவனிடம் இருந்த ஒரே குறை, யார் எதைக் கேட்டாலும் உண்மையைச் சொல்லிவிடுவது.

அந்தக் குறையை ஈடுசெய்வதற்காக, என் தலைமையில் குடும்பக் கூட்டம் கூடி, அவனுடைய வருத்தத்துக்கு "நெஞ்சு வருத்தம்" என்று பெயர் சூட்டியது. நெஞ்சு வருத்தம் என்கிற இதய நோய் கௌரவமான வருத்தம். கொழும்புக்குப் போய் நெஞ்சைத் திறந்து தைத்துக்கொண்டு வந்தவர்கள் எங்கள் ஊரில் கோயிலுக்கு வரும்போது மேல் பொத்தான்களைப் பூட்டுவதில்லை. தழும்பைப் பார்த்ததும் முன்வரிசை வாங்கில் இடம் விடுவார்கள். எமிலியானுஸுக்குத் தழும்பு இல்லாவிட்டாலும் மாதாமாதம் கிளினிக் போய்வந்ததால் ஊர் நம்பியது.

இப்படிச் சீராக நடந்துகொண்டிருந்த நிர்வாகத்தில் விஞ்ஞானம் தலையிட்டது. ஒரு சனிக்கிழமை பங்கு மண்டபத்தில் சுகாதாரக் கருத்தரங்கு. தேநீரும் பற்றிஸும் உண்டு என்று அறிவித்திருந்தபடியால் விஞ்ஞான ஆர்வலர்கள் திரண்டு வந்திருந்தார்கள். பேசியவர் எருக்கலம்பிட்டியைச் சேர்ந்த டொக்டர் றுஷ்தா.

மனச்சிதைவு வரும் வாய்ப்பைக் கூட்டுகிற ஜீன்கள், அதாவது பரம்பரையலகுகள், சிலவற்றுக்கும் இதயத்துக்கும் தொடர்பு இருப்பதாக ஆராய்ச்சிகள் சொல்கின்றன என்றார். அலகு இருந்தால் நோய் வந்தே தீரும் என்று பொருளில்லை, யாரும் பயப்பட வேண்டாம் என்றார். ஆனால் மனச்சிதைவு உள்ளவர்கள் பலர் நெஞ்சு வருத்தத்தால் காலத்துக்கு முன்னமே இறந்துபோகிறார்கள். அவர்கள் நெஞ்சு நோகிறது என்று சொன்னால் நாங்கள் காதில் போட்டுக்கொள்வதில்லை. ஆகவே குளிசையையும் நிறுத்தாதீர்கள், நெஞ்சையும் பாருங்கள் என்றார். அவர் சொன்னது இவ்வளவுதான். மண்டபம் கேட்டது வேறு: "நெஞ்சு வருத்தக்காரன் வீட்டில் பைத்தியம் இருக்கிறது."

அப்போது எமிலியானுஸ் எழுந்தான்.

"டொக்டர், எனக்கு மனச்சிதைவு. குரல் கேக்கும். இப்ப கொஞ்ச நாளா எஞ்சின் தூக்கினா நெஞ்சும் அடைக்குது. இவை ரெண்டு பேரும் சொந்தக்காரர் எண்டு இண்டைக்குத்தான் தெரியும்."

டொக்டர் சிரிக்கவில்லை. எப்போது தொடங்கியது, கை நோகிறதா என்றெல்லாம் விசாரித்துவிட்டு, "செவ்வாய்க்கிழமை கட்டாயம் வாங்கோ, ஈ.சி.ஜி. எடுத்துப் பாப்பம். பிந்தக்கூடாது" என்றார். கர்த்தரின் கிருபையால் அவன் எழுந்த அதே நேரம் பற்றிஸ் தட்டுகள் உள்ளே வந்திருந்தன. பக்கத்திலிருந்த என்னைத் தவிர வேறு யாரும் அவனைக் கவனிக்கவில்லை.

மறுநாள் ஞாயிறு பூசையில் எல்லாருடைய பொத்தான்களும் கழுத்துவரை பூட்டியிருந்தன. கொழும்பில் நெஞ்சைத் திறந்தவர் ஒருவர், தான் போனது தெகிவளை மிருகக்காட்சிசாலையைப் பார்க்க என்று திருத்தம் வெளியிட்டார்.

எங்கள் நிலைமை இன்னும் பாரதூரமானது. என் தம்பி செபமாலையின் மகள் சுவேதினிக்குத் தாழ்வுபாடு என்ற ஊரில் சம்பந்தம் பேசியிருந்தோம். மாப்பிள்ளை றொசாந்தன், சொந்தமாக வான் வண்டி வைத்து ஓடுகிறவர். அடுத்த ஞாயிறு அவர்கள் முடிவு சொல்ல வருவதாக ஏற்பாடு. "நெஞ்சு வருத்தம்" பற்றிப் பெருமையாகச் சொல்லியிருந்தோம். இப்போது அந்தக் கருத்தரங்குச் செய்தி, மண்டபம் கேட்ட வடிவத்திலேயே, வட்ஸ்அப்பில் தாழ்வுபாட்டுக்குப் போய்விட்டது. மாப்பிள்ளையின் தாய் அன்றைக்கே போன் எடுத்தார். நான் தடுமாறவில்லை.

"அது பழைய அறிக்கை, அம்மா. திருத்திய அறிக்கைப்படி அவனுக்குக் காஸ்ட்ரிக், வெறும் வயிற்று வாய்வு" என்றேன்.

உடனே கூட்டம் கூடியது. விடயம் ஒன்று: எமிலியானுஸின் வருத்தம் இன்றுமுதல் காஸ்ட்ரிக் என அழைக்கப்படும். விடயம் இரண்டு: செவ்வாய்க்கிழமை ஈ.சி.ஜி. டொக்டர் றுஷ்தாவின் கிளினிக்கில் பெயர் கூப்பிடுகிற பிள்ளை மாப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட அக்கா. காஸ்ட்ரிக்காரன் நெஞ்சில் வயர் பூட்டிக்கொண்டு படுத்திருப்பதை அவள் பார்த்தால் குடும்பத்தின் எதிர்காலம் என்னாவது? ஆகவே கலியாண எழுத்தென்னும் பதிவு முடியும்வரை ஈ.சி.ஜி. ஒத்திவைக்கப்பட்டது.

சுவேதினி மட்டும் குறுக்கே வந்தாள். மாப்பிள்ளை வீட்டுக்குத் தானே உண்மையைச் சொல்லப்போவதாகவும், அதைக் கேட்டு ஓடுகிறவன் தனக்குத் தேவையில்லை என்றும் சொன்னாள். அவள் கூட்டத்தில் உறுப்பினர் அல்ல என்பதைச் சுட்டிக்காட்டினேன். பிறகு எமிலியானுஸைப் பார்த்து, பிள்ளையின் வாழ்க்கை உன் கையில்தான் இருக்கிறது என்றேன். அவளைத் தோளில் வைத்து வளர்த்தவன் அவன்.

"பிள்ளையின்ர காரியம்தானே, அண்ணை. பொறுப்பன்" என்றான். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. செவ்வாய்க்கிழமை அவன் சேட்டுப் போட்டுக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு கழற்றி வைத்துவிட்டுக் கரைக்குப் போனான்.

ஞாயிறு வந்தது. மாப்பிள்ளை வீட்டார் வானில் வந்து இறங்கினார்கள். எமிலியானுஸை நல்ல சேட்டுடன் மூலைக் கதிரையில் இருத்தி, வாய் திறக்காமல் சிரிக்குமாறு அறிவுறுத்தியிருந்தேன். அவன் அதைச் சிறப்பாகச் செய்தான். கதை சீதனப் பக்கம் திரும்பும்போது அவனுக்கு வேர்க்கத் தொடங்கியது. இடது தோளைப் பிடித்துக்கொண்டான். முகம் சாம்பல் நிறமானது.

"அண்ணை, நெஞ்சுக்குள்ள..." என்றான்.

அவன் முடிக்குமுன் "காஸ்ட்ரிக்" என்றேன் நான். "காஸ்ட்ரிக்" என்றான் செபமாலை. செபமாலையின் மனைவி உள்ளேயிருந்து அதையே வழிமொழிந்தாள். இவ்வளவு ஒற்றுமையை நான் எந்தக் கந்தோரிலும் கண்டதில்லை.

மாப்பிள்ளையின் தாய் நல்ல மனுசி. ஓமத்தண்ணி அவித்துக் குடுங்கோ என்று முறையும் சொன்னார். இஞ்சிச் சோடா ஒன்றும் உடைத்துக் கொடுத்தோம். எமிலியானுஸ் ஒரு மிடறு குடித்துவிட்டு, சொன்னபடியே வாய் திறக்காமல் சிரித்தான்.

றொசாந்தன் எழுந்து வானை ஸ்டார்ட் பண்ணத் திறப்பை எடுத்தார். "மாமா, ஆளைப் பாக்கச் சரியில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவம்."

"இருங்கோ, தம்பி. முதல் முதல் வந்திருக்கிறீங்கள். ரோல்ஸ் எடுங்கோ" என்று அவரைத் தோளில் அழுத்தி இருத்தினேன். அந்த நொடியில் என் விருந்தோம்பலைப் பற்றி எனக்கே பெருமையாக இருந்தது.

அதற்குள் சுவேதினி தேநீர்த் தட்டுடன் வெளியே வந்தாள். சித்தப்பாவின் முகத்தைப் பார்த்ததும் தட்டை நிலத்தில் வைத்துவிட்டாள். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. நேரே றொசாந்தனிடம் போய், சித்தப்பாவுக்கு மனச்சிதைவு, நெஞ்சிலும் வருத்தம், டொக்டர் வரச் சொல்லியும் இவர்கள் விடவில்லை என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். றொசாந்தன் ஓடவில்லை. எமிலியானுஸின் கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கினார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் வான் தோட்டவெளிக் கிராமத்தைத் தாண்டும்போது எமிலியானுஸ் சுவேதினியின் மடியில் போய்விட்டான். நான் அழுதேன். மாப்பிள்ளை வீட்டார் பக்கத்தில் இருந்தபடியால் சத்தம் வராமல் அழுதேன்.

ஆஸ்பத்திரிக்குத் திடீர் மரண விசாரணை அதிகாரி வந்தார். வீட்டார் அனைவரும் வரிசையாக நின்றோம். றொசாந்தனும் போகாமல் சுவரோடு நின்றார். இறந்தவருக்கு என்ன வருத்தம் என்று அதிகாரி கேட்டார். நான் காஸ்ட்ரிக் என்றேன். செபமாலை பழைய பழக்கத்தில் நெஞ்சு வருத்தம் என்றுவிட்டான். அவன் மனைவி பயத்தில், மாப்பிள்ளை வீட்டார் கண் பட்டுவிட்டது என்றாள். அதிகாரி எங்களை ஒவ்வொருவராகப் பார்த்துவிட்டு, கடைசியில் நின்ற சுவேதினியைக் கேட்டார்.

"அவருக்கு மனச்சிதைவு, ஐயா. நெஞ்சிலயும் வருத்தம். ரெண்டுக்கும் மருந்து இருந்தது" என்றாள்.

"அப்ப இதில எதால செத்தவர்?"

"ரெண்டாலயும் இல்லை. மானத்தால."

அதிகாரி நீண்ட சேவைக்காரர். முகம் மாறாமல் அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"அந்த வருத்தம் அவருக்கு எவ்வளவு காலமா இருந்தது?"

"அவருக்கு அது ஒருநாளும் இருக்கேல்லை, ஐயா" என்று சொல்லி, அவள் எங்கள் பக்கம் திரும்பினாள். "இவை எல்லாருக்கும் இருக்குது. பரம்பரை."