துண்டுக்கடியில் ஏழு வாய்

எழுபதுகளில் இந்தப் பூமியில் நடமாடிய மனிதர்களில், எதிரே வருகிறவரின் பல்லைப் பார்த்த பிறகே அவருக்குக் கும்பிடு போட்ட ஒரே ஆள் எங்கள் தரகர்தான். எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் செய்வேன்; நான் கிறிஸ்தவ வேதக்காரி என்றாலும் செய்வேன். போஸ்ட்மேன், பஞ்சாயத்து மெம்பர், ஓட்டுக் கேட்க வந்தவர் என்று ஒருவரையும் அவர் விட்டதில்லை. முகவாயைப் பிடித்து, கட்டைவிரலால் மேலுதட்டைத் தூக்கி, "ம்ம்" என்பார். அந்த "ம்ம்" திருப்தியாக வந்தால் நீங்கள் உள்ளே போகலாம்.

மலையாள எல்லையோரத்து வேலந்தாவளம் மாட்டுச் சந்தையில் நாற்பது வருஷம் தரகு பார்த்தவர். அவருக்கு அப்பன் ஆத்தாள் வைத்த பெயர் ஒன்று எங்கள் ரிஜிஸ்தரில் இருந்தது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் பின்னால் வேறு யாரோ நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பார். "தரகரே" என்றால்தான் அவர் அவராவார்.

நான் அங்கே நர்ஸ். பள்ளிவாசல் என்ற ஊரின் தேயிலைத் தோட்டத்துக் கூலி லயத்தில் பிறந்து, நர்ஸிங் படித்து, மலையை விட்டு இறங்கி, வேலந்தாவளத்துக்கும் நல்லேப்பிள்ளிக்கும் நடுவில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்தவள். இல்லம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ளாதீர்கள். அரிசி மில் முதலாளி ஒருவர் காலமானதும், அவர் மனைவி நெல் குடோனை இரண்டாகத் தடுத்து ஒன்பது கட்டில் போட்ட இடம் அது. வந்து சேர்ந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு நினைவு தப்பியிருந்தது. அதனால் சுற்றுவட்டாரம் முழுக்க அதற்கு 'மறதி வீடு' என்று பெயர். கண்டக்டர்கூட "மறதி வீடு எறங்குங்கோ" என்றுதான் விசில் கொடுப்பார். புதிதாக வருகிற உறவுக்காரர்கள் கூனிக் குறுகிக்கொண்டு இறங்குவார்கள்.

தரகரை அவர் மகன்தான் பஸ்ஸில் கூட்டிவந்தான். அவனும் சந்தைக்காரன். வாசலில் முதலாளியம்மா காத்திருந்தார். எட்டு ஊருக்குக் கேட்கிற குரல், இரண்டு கையிலும் வளையல், யாரையும் நிமிர்ந்து பார்க்கவிடாத தோரணை. தரகர் நேராகப் போனார். முகவாயைப் பிடித்தார். உதட்டைத் தூக்கினார்.

"கடைப்பல்லு தேஞ்சிருச்சு. இருந்தாலும் உழவுக்கு ஆகுமுங்க. புடிச்சுக் கட்டுங்க!"

முதலாளியம்மாவின் முகவாயை அவர் கணவர்கூட அப்படிப் பிடித்திருக்கமாட்டார். அந்த நிமிஷமே தரகரின் பெயர் கறுப்புப் புள்ளி வைத்து எழுதப்பட்டுவிட்டது.

புதன்கிழமை தோறும் சித்தூரிலிருந்து டாக்டர் வருவார். மலையாளி, ரொம்ப சாது. அவர் தரகரைப் பரிசோதிக்க உட்கார்ந்தார். தரகர் அவரைச் சுற்றி வந்து பரிசோதித்தார். முதுகில் தட்டினார். உச்சந்தலையைக் குனிந்து பார்த்தார். பார்த்ததும் முகம் சுருங்கிப் போனது.

"வவுறு பரவால்லீங்க. ஆனா உச்சியில ரெட்டைச் சுழி. வாங்குன ஊடு வெளங்காது. ஓட்டீட்டுப் போயிருங்க."

"எந்தா பறயுன்னது?" என்று டாக்டர் என்னைக் கேட்டார்.

"உங்க ஒடம்பு நல்லாயிருக்குன்னு சொல்லுதாரு டாக்டர்" என்றேன். அவர் நம்பவில்லை. அடுத்த புதனிலிருந்து முடியை உச்சி மறைகிற மாதிரி படிய வாரிக்கொண்டு வந்தார்.

இப்படிச் சிரிப்பும் கூச்சலுமாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் மாராத்தாவின் பாடு வந்தது. மாராத்தா நல்லேப்பிள்ளிக்காரி. வயலும் மாடுமாக வாழ்ந்த விதவை. பெற்ற பிள்ளைகளின் பெயர் எல்லாம் போய்விட்டது. ஒரு நாள் காலையில் வாயை மூடியவள், அப்புறம் சாப்பாட்டுக்குத் திறக்கவே இல்லை. கஞ்சி வேண்டாம், சோறு வேண்டாம், பால் வேண்டாம்.

"ஆளுக இன்னும் வயல்லிருந்து ஏறல. அவிய உங்காம நான் எப்புடி உங்கறது?" என்பாள்.

"எல்லாரும் சாப்பிட்டுட்டுப் போயிட்டாங்க ஆத்தா."

"பொய்யி. சட்டி கழுவற சத்தமே கேக்கல."

நான் சமையற்காரியைக் கொல்லையில் உட்காரவைத்துப் பாத்திரங்களை உருட்டச் சொன்னேன். மாராத்தா காதைச் சாய்த்துக் கேட்டாள். "இது ரெண்டு பேரு உண்ட சத்தம். ஆளு பதினாலு" என்றாள். இவளுக்கா நினைவு தப்பிவிட்டது என்று எனக்குக் கோபமாக வந்தது. ஆனால் எலும்பு தெரிய ஆரம்பித்துவிட்டது. இப்படியே போனால் இரண்டு வாரம் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மறுநாள் மதியம். தட்டை வைத்துக்கொண்டு நான் கெஞ்சிக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த தரகர் எழுந்து வந்தார். என்னை ஒரு ஓரமாகத் தள்ளினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி, தன் வலது கை மேல் போட்டு, மாராத்தா முன்னால் நீட்டினார்.

சந்தை பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசமாட்டார்கள். இரண்டு பேர் கையும் ஒரு துண்டுக்கடியில் போகும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, கையையே பிடித்தால் ஐந்து. விரல் அங்கே சண்டை போடும். வாய் பாட்டுக்கு மழை தண்ணியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும். பக்கத்தில் நிற்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பேரம் படிந்தால் "தெகஞ்சுது" என்று கையை எடுப்பார்கள்.

மாராத்தா அந்தத் துண்டையே பார்த்தாள். பிறகு திரும்பித் தன் பின்னால் யாராவது ஆம்பிளை நிற்கிறானா என்று பார்த்தாள். யாரும் இல்லை. அவருக்கு எதிரே இருந்தது அவள் மட்டும்தான்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவள் கன்றிலிருந்து வளர்த்த மாடுகள் எத்தனையோ நல்லேப்பிள்ளி வீட்டிலிருந்து விலை போயிருக்கின்றன. ஒவ்வொரு தடவையும் அவள் தொழுவத்துக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாளாம். புருஷனும் யாரோ ஒரு தரகனும் துண்டை ஆட்டுவார்களாம். "துண்டுக்குள்ளாற என்ன புடிச்சாங்கன்னு ஒருத்தனாச்சும் எனக்குச் சொன்னானா?" பிள்ளைகளின் பெயரை மறந்தவள் இதை மட்டும் என்னிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பாள் என்று கணக்கே இல்லை.

மாராத்தா கையைத் துண்டுக்குள் விட்டாள்.

தரகர் கண்ணால் சோற்றுத் தட்டைக் காட்டினார். "மழை உண்டுங்களா ஆத்தா, உங்க பக்கம்?"

"எங்கீங்க மழை! நாத்து கருகுது" என்றாள் அவள். துண்டு வெடுக்கென்று துள்ளியது.

"மேக்க மின்னுச்சுங்களே?"

"மின்னி என்ன பண்றது? பேஞ்சாத்தானுங்க!" துண்டு மறுபடி துள்ளியது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. முகத்தில் அத்தனை நாள் இல்லாத ரத்தம் ஏறியது. தரகர் உதட்டைப் பிதுக்கினார், எழுந்து போகிற மாதிரி பாவனை செய்தார், உட்கார்ந்தார். கடைசியில் துண்டை உருவினார்.

"தெகஞ்சுது!"

"என்ன தெகஞ்சுது தரகரே?" என்றேன்.

"துண்டுக்குள்ளாற பேசுனத வெளிய சொல்றதில்லீங்க அம்மிணி" என்று எழுந்து போய்ப் படுத்துவிட்டார்.

ஆனால் மாராத்தா அதைச் சொல்வதற்காகவே ஆயுள் முழுக்கக் காத்திருந்தவள் அல்லவா? "ரெண்டு வாய்க்குக் கேக்கறானுங்க! என்ற பொருள ரெண்டுக்கு! உட்ருவனா? ஏழுக்கு ஏத்திப்போட்டேன்!" என்று ஹாலுக்கே கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு வாயைத் திறந்தாள். ஏழு வாய் வாங்கினாள். எட்டாவதைக் கொண்டு போனபோது, "பேச்சு ஏழு" என்று மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து வேளாவேளைக்குப் பேரம். விற்கிறவள் விலையை ஏற்றத்தானே பார்ப்பாள்? ஒன்பது, பதினொன்று என்று ஏறிக்கொண்டே போனது. தரகர் இதையெல்லாம் தெரிந்துதான் செய்தாரா, நிஜமாகவே மாடு வாங்குவதாக நினைத்தாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மாராத்தாவின் கன்னம் நிரம்பியது. எனக்குத் தூக்கம் வந்தது.

எல்லாம் முதலாளியம்மா கோயம்புத்தூரில் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயத்தில் நடந்தவை. அவர் திரும்பி வந்து ஹாலுக்குள் கால் வைத்தது சரியாகச் சாப்பாட்டு நேரம். ஒரு ஆணும் பெண்ணும் முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்து, துண்டுக்கடியில் கையைப் பிடித்துக்கொண்டு, மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

"நர்சு! என்ற ஊட்டுக்காரரு கட்டுன குடோன்ல இதென்ன கண்ணறாவி!"

நான் சொன்ன விளக்கம் எதுவும் அவர் காதில் ஏறவில்லை. தரகரைக் கோடி அறையில் போடச் சொன்னார். கூட்டிப் போகச் சொல்லி அவர் மகனுக்கு ஆள் அனுப்பினார். மாராத்தா அன்றே வாயை மூடிவிட்டாள்.

மூன்றாம் நாள் மகன் வந்தான். பையன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. "கூட்டீட்டுப் போறனுங்க. ஆனா நானும் என்ற சம்சாரமும் சந்தைக்குப் போயிட்டா ஊட்ல ஆருங்க இருக்கறாங்க? வெளியில தாப்பாப் போட்டுட்டுத்தான் போகோணும். போன தடவ உள்ள இருந்து கதவத் தட்டித் தட்டி கையெல்லாம் ரத்தமுங்க."

எனக்கு எங்கிருந்துதான் அந்தத் தைரியம் வந்ததோ. "அம்மா, நீங்களே ஒரு தடவ கைய விட்டுப் பாருங்க. தப்பா ஒண்ணு தெரிஞ்சாலும் இவரோட சேத்து என்னையும் அனுப்பிருங்க" என்றேன். மாராத்தா மூன்று நாளாக ஒரு பருக்கை தொடவில்லை என்பதையும் சொன்னேன்.

முதலாளியம்மா என்னை முறைத்தார். பிறகு வளையலை மேலே ஏற்றிக்கொண்டு தரகர் எதிரே உட்கார்ந்தார். துண்டு விழுந்தது.

"மழை உண்டுங்களா அம்மிணி?"

"மழையாவது மண்ணாவது!"

துண்டு அசைந்தது. முதலாளியம்மா கையை உதறப் பார்த்தார். பிறகு நெற்றி சுருங்கியது. ஆயிரம் நெல் வியாபாரிகளை மடக்கிய பெண்மணி அவர். எதிராளி குறைத்துப் பிடிப்பதைக் கை கண்டுபிடித்துவிட்டது போலிருக்கிறது. துண்டு துள்ளியது. இந்தப் பக்கம் ஒரு இழுப்பு, அந்தப் பக்கம் ஒரு இழுப்பு. கொஞ்ச நேரத்தில் முதலாளியம்மா தானாகவே, "காத்துதான் அடிக்குது. மழையக் காணமுங்க" என்றார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"தெகஞ்சுது!" என்று தரகர் துண்டை உருவினார்.

"என்ன தெகஞ்சுது? ஏனுங்க, என்ன தெகஞ்சுது?"

"துண்டுக்குள்ளாற பேசுனத வெளிய சொல்றதில்லீங்க."

இரண்டு நிமிஷம் கழித்து நானும் கேட்டுப் பார்த்தேன். அதற்குள் அவருக்கே மறந்துபோயிருந்தது. மகன் கையைக் கட்டிக்கொண்டு மெதுவாகச் சொன்னான்: "தெகஞ்ச பேச்ச மாத்துனா சந்தையில அப்பறம் ஒருத்தரும் கை குடுக்கமாட்டாங்க அம்மிணி."

முதலாளியம்மா தன் உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாக்கு மாறினார் என்ற பேச்சு அவர் பரம்பரையில் கிடையாது. "செரி. என்ன தெகஞ்சுதுன்னு தெரியற வரைக்கும் இங்கயே கெடக்கட்டும்" என்றார்.

அது தெரியவே இல்லை. மாராத்தாவோடு பேரம் பேசிக்கொண்டே தரகர் இன்னும் நாலு வருஷம் இருந்தார்.

கடைசி மழைக்காலத்தில் அவர் படுத்துவிட்டார். சந்தை போயிற்று, பல் பார்ப்பது போயிற்று, பிறகு கஞ்சியும் போயிற்று. வாய் மூடிவிட்டது. நான் அவர் துண்டையே போட்டு, அடியில் கையை விட்டு, விரலைப் பிடித்துப் பார்த்தேன். கை சும்மா கிடந்தது. என்னால் தாங்க முடியவில்லை.

மாராத்தா தன் கட்டிலை விட்டு இறங்கி வந்தாள். "அக்கட்டால போ கண்ணு. உனக்குப் புடிக்கத் தெரியல" என்றாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்து இரண்டு பேர் கைக்கும் மேலே போட்டாள்.

"மழை உண்டுங்களா?"

மறுபடி கேட்டாள். அவசரமே இல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். எத்தனையாவது தடவையோ, தரகரின் உதடு அசைந்தது.

"தூறலுங்க..."

முந்தானை லேசாக அசைந்தது.

"மூணு" என்றாள் மாராத்தா என் பக்கம் திரும்பி. "அதுக்கு மேல ஏறமாட்டேங்கறான். கஞ்சி கொண்டா."

மூன்று வாய் வாங்கினார். மறுநாளும் மூன்று. அப்புறம் இரண்டு, அப்புறம் ஒன்று. ஆறாம் நாள் முந்தானை அசையவில்லை. அவள் பொழுது சாயும் வரை அந்தக் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

எல்லாம் முடிந்த பிறகு அவளிடம் கேட்டேன். "ஆத்தா, அவரு யாருன்னு தெரியுமா?"

"தெரியாது கண்ணு" என்றாள். "என்னையும் ஒரு ஆளா மதிச்சுக் கை நீட்டுனவன்."

எனக்குத் தரகரை ரொம்பப் பிடிக்கும். அதை அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அடுத்த நிமிஷமே மறந்திருப்பார். நானும் தினம் தினம் புதிதாகச் சொல்லியிருக்கலாம்.