நாடி பாய் பிடித்த மவுஸ்

மந்தைவெளி முதல் அடையாறு வரைக்கும் நாடி பாயின் கை படாத கம்ப்யூட்டர் ஒன்று இருந்தால், அது இன்னும் அட்டைப் பெட்டியை விட்டு வெளியே வராத கம்ப்யூட்டராகத்தான் இருக்கும். கம்ப்யூட்டரின் தலையில் உள்ளங்கையை வைப்பார். கண்ணை மூடுவார். அரை நிமிடம் கழித்து, "உள்ள சூடு கீது நைனா" என்பார். அதனால் வந்த பெயர். நிஜப் பெயரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அதற்கும் கண்ணை மூடியிருப்பார்.

ராஜா அண்ணாமலைபுரத்தில் மாமி ஒருவர் நடத்தும் கல்யாணப் பத்திரிகைக் கடையில் எனக்கு வேலை. பத்திரிகையை வடிவமைத்து அச்சகத்துக்கு அனுப்புவோம். கடையில் மொத்தமே மாமியும் நானும்தான். என் மேஜையில் இரண்டு கம்ப்யூட்டர்: பழையதில் பத்திரிகை வேலை, புதியதில் மெயிலும் அரட்டையும். இரண்டு கீபோர்டுக்கு மேஜையில் இடமில்லை. அதனால் ஒரே கீபோர்டு, ஒரே மவுஸ். வைஃபை வழியாக இரண்டையும் இணைக்கிற ஒரு சாஃப்ட்வேர் போட்டிருந்தோம். அம்புக்குறியைப் பழைய திரையின் ஓரத்துக்குத் தள்ளினால் புதிய திரையில் எட்டிப் பார்க்கும். கீபோர்டும் கூடவே போய்விடும்.

ஒரு நாள் இந்த இணைப்பு அறுந்து அறுந்து ஒட்ட ஆரம்பித்தது. நான் விரலைப் பார்த்துத் தட்டுகிற ரகம். புதியதில் நண்பனுக்கு ஒரு வரி தட்டினேன். அதற்குள் இணைப்பு அறுந்து, கீபோர்டு பழைய கம்ப்யூட்டருக்கே திரும்பிவிட்டதை நான் பார்க்கவில்லை.

அச்சுக்குப் போக வேண்டிய பிரதியை மாமி மூக்குக் கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"ஏண்டா, 'தங்கள் நல்வரவை விரும்பும்'னு இருக்கு. கீழ 'மச்சி பசிக்குது, சீக்கிரம் வந்து தொலை'ன்னு இருக்கே. இது மாப்பிள்ளையாத்துக்காரா சொன்னதா?"

நான் பிரதியை வாங்கி அந்த வரியைப் பேனாவால் அடித்தேன்.

"இது மட்டும் அச்சாகியிருந்தா, நான் கடையை மூடிண்டு ஆத்துல உக்காந்திருப்பேன். நீயும் உங்காத்துல உக்காந்திருப்பே. அந்தப் பாயைக் கூப்பிடு."

பாய் வந்தார். ஒரு கம்ப்யூட்டரின் மேல் வலது கை, இன்னொன்றின் மேல் இடது கை. கண் மூடியது.

"இதும் நல்லா கீது. அதும் நல்லா கீது. நடுவுலதான் பேச்சுவார்த்த இல்ல."

இரண்டிலும் சாஃப்ட்வேர் வேறு வேறு வெர்ஷன் என்று ஒரே வெர்ஷனாக மாற்றினார். அவர் வாசலில் செருப்பு மாட்டும்வரை வேலை செய்தது. மறுநாள், கம்ப்யூட்டருக்குக் காவல் இருக்கும் ஃபயர்வால் தடுக்கிறது என்று சாஃப்ட்வேருக்கு அனுமதி கொடுத்தார். டீ ஆறுவதற்குள் அறுந்தது. மூன்றாம் நாள், "அட்ரஸ் மாறிக்கினே கீது நைனா" என்று இரண்டுக்கும் மாறாத நெட்வொர்க் அட்ரஸ் போட்டார். மத்தியானம் வரை தாக்குப்பிடித்தது.

நான்காம் நாள் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அறுந்தப்போ நீ இன்னா பண்ணிக்கினு இருந்தே?"

"டைப் அடிச்சிட்டிருந்தேன் பாய்."

"மூச்ச உள்ள இஸ்தியா, வெளிய வுட்டியா?"

அதன் பிறகு எனக்கு மூச்சு விடவே பயமாக இருந்தது. இடது காலை ஆட்டினால்தான் அறுகிறது என்று ஒரு நாள் பூராவும் நம்பினேன். பழைய கம்ப்யூட்டருக்கு மட்டும் குங்குமம் வைத்ததில் புதியதுக்கு வருத்தமோ என்று மாமி அதற்கும் ஒரு பொட்டு வைத்தார். பொட்டோடும் அறுந்தது.

ஐந்தாம் நாள் பாய் ஒரு ஸ்டூலைப் போட்டு மூலையில் உட்கார்ந்தார். நான் "போச்சு பாய்" என்று கத்தும்போதெல்லாம் நோட்டில் ஒரு கோடு. திரையை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. சாயங்காலம் எழுந்து ரவுட்டரைக் கழற்றி எதிர்ச் சுவரில் மாட்டினார். புதிய கம்ப்யூட்டரிலிருந்து ஏதோ ஒரு பெயரை அழித்தார். பையிலிருந்து நீளமாக ஒயர் எடுத்து, இரண்டு கம்ப்யூட்டரையும் வைஃபை இல்லாமலே இணைத்தார். அன்றோடு சரி. அதற்கப்புறம் அறுந்ததே இல்லை.

"என்ன காரணம் பாய்?"

"தெக்குக் காத்து."

"ஏசி ரூம்ல ஏது பாய் தெக்குக் காத்து?"

"அதான் நைனா. உள்ள வர முடியலன்னு அதுக்குக் கோவம்."

நான் அதை நம்பினேன். கே.கே. நகரில் ஒரு நண்பனின் மவுஸ் தகராறு செய்தபோது, தெற்கு ஜன்னலைச் சாத்தச் சொன்னேன். சாத்தினான். இன்றுவரை அவன் என்னிடம் சரியாகப் பேசுவதில்லை.

இரண்டு வருஷம் கழித்து மாமியே ஒரு நாள் சொன்னார். ரவுட்டருக்கும் புதிய கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாமியின் இரும்பு பீரோ இருந்தது. அதன் கதவைத் திறந்தால் வைஃபை மறைந்துபோகும். உடனே புதிய கம்ப்யூட்டர், என்றைக்கோ நாங்கள் கடன் கேட்டுப் போட்ட மாடி பல் டாக்டர் வைஃபைக்குத் தாவிவிடும். கதவைச் சாத்தினால் திரும்பி வரும். பாய் அன்று அழித்தது அந்த டாக்டர் வைஃபையின் பெயரைத்தான்.

"அடிக்கடி பீரோவை ஏன் மாமி திறந்தேள்?"

"மைசூர்பாகு" என்றார் மாமி, என்னைப் பார்க்காமல்.

சர்க்கரை ஏறிவிட்டது, இனிப்பையே தொடுவதில்லை என்று மகளிடம் மாமி சத்தியம் செய்திருந்த காலம் அது. ஒயர் போட்ட அன்று சாயங்காலம் நான் அச்சகத்துக்குக் கிளம்பிய பிறகு, பாய் நோட்டைப் பிரித்துக் காட்டினாராம்.

"மாமி, இன்னிக்குப் பதினோரு தபா அறுந்துச்சு. இப்ப ஒயர் போட்டுட்டேன், இனிமே அறுந்துபோவாது. பீரோ எத்தினி தபா தொறக்குதுன்னு எனக்கும் தெரியாது, அந்தப் புள்ளைக்கும் தெரியாது. நீங்கதான் எண்ணிக்கணும்."

மாமி எண்ணினார். பதினொன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, ஒரு நாள் மைசூர்பாகு டப்பாவை என்னிடமே கொடுத்துவிட்டார். பழைய ஸ்வீட் எதற்கு எனக்கு என்று அப்போது குழம்பியது நினைவிருக்கிறது.

பாய் இப்போது வேலையை விட்டுவிட்டு, கை வைத்துப் பார்க்க ஒரு கம்ப்யூட்டரும் இல்லாமல் வடபழனியில் மகளோடு இருக்கிறார். வாரத்துக்கு ஒரு தரம் மாமி அவருக்கு போன் போட்டு, "பாய், கம்ப்யூட்டர் என்னவோ பண்றது" என்பார். பாயும் சளைக்காமல் அரை மணி நேரம் வழி சொல்லுவார். இரண்டு கம்ப்யூட்டரும் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். கீபோர்டு தட்டுகிற சத்தம் போனில் பாய்க்குக் கேட்டுவிடக் கூடாதே என்று நான்தான் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.