விதைக்கு விட்ட காய்

காலிதீன் கடைசியாகச் செய்த வீட்டு வேலை, பந்தலில் தொங்கிய நீளப் புடலங்காய் ஒன்றின் காம்பில், தறியில் மிஞ்சிய சிவப்பு நூலைக் கட்டியது. கட்டிவிட்டுக் குசினிப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார்.

"புள்ள, இது விதைக்கு. கறிக்கு அறுத்துப் போட்டிராத."

"எனக்கே சொல்லித் தாறீங்களா?" என்றாள் மனைவி றாஹிலா, அரிசி களைந்துகொண்டே.

அவர் சிரித்தபடி லுஹர் தொழுகைக்குப் போனார். இரண்டாவது ரக்அத்தில் ஸுஜூதுக்கு நெற்றியை நிலத்தில் வைத்தவர் எழும்பவில்லை.

அன்றைக்கு, கணவனை இழந்தவள் ஒதுங்கி இருக்கும் இத்தா தொடங்கியது. நான்கு மாதமும் பத்து நாளும். வெள்ளை உடுப்பு, பின்னறை, அந்நிய ஆண் கண்ணில் படாத இருப்பு. துணைக்கும் காவலுக்குமாகக் காலிதீனின் மூத்த சகோதரி ஹாஜறா வந்து இறங்கினாள். வந்த கையோடு பின்னறை ஜன்னலுக்குத் தடித்த திரை ஒன்றைத் தொங்கவிட்டாள். அந்த ஜன்னலுக்கு அப்பால்தான் தோட்டம்.

மாரிக்குக் கீரை, பங்குனிக்கு வெண்டி, கச்சான் காற்றிலும் சோராத கொச்சிக்காய் என்று அந்தத் தோட்டத்தில் வருசம் முழுக்க ஏதாவது ஒன்று காய்த்துக்கொண்டிருக்கும். எல்லாம் காலிதீன் கை. புடலை மட்டும் றாஹிலா கை. விதையை அவளே எடுப்பாள். துணியில் முடிந்து அடுப்புக்கு மேலே நாற்பது நாள் புகையில் தொங்கவிடுவாள். பிறகு பிஸ்மில்லாஹ் சொல்லித் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊன்றுவாள். ஒன்பதாம் நாள் காலையில் காலிதீன் சத்தம் போடுவார்: "புள்ள, முளைச்சிட்டு! வந்து பாரு!"

பத்தொன்பது வருசத்தில் ஒரு வருசமும் தவறியதில்லை. அதே விதையை வாங்கிக்கொண்டு போன ஹாஜறாவுக்கு மட்டும் ஒன்றுகூட முளைக்கவில்லை.

"கை ராசி வேணும் மச்சி" என்று றாஹிலா ஒருமுறை சொல்லிவிட்டாள். ஹாஜறா அதை மறக்கவில்லை.

இந்த முறை கொடியில் மிஞ்சியது அந்த ஒரே காய். பிள்ளை இல்லாத வீட்டில் அவரும் அவளும் சேர்ந்து முளைக்க வைத்தது அந்தப் புடலை ஒன்றுதான். அதுவும் போய்விட்டால் இரண்டு பேருக்கும் பொதுவாக இந்த உலகத்தில் ஒன்றும் மிஞ்சாது.

பதினோராம் நாள் அணில் வந்தது.

"மச்சி! காயக் கொறிக்கப் போகுது! ஓடுங்க!"

"முதல்ல திரைய மூடுகா! பக்கத்து வீட்டு நளீம் கூரையில நிக்கான்."

"அவன் அன்டனாவப் பாக்கான், என்னையா பாக்கான்? காயப் பொத்துங்க மச்சி!"

ஹாஜறா பொத்தினாள். பசளை உரம் வந்த நீளமான பொலித்தீன் பை ஒன்றை எடுத்து, காயை அதற்குள் இறக்கி, பையின் இரண்டு மூலையையும் பந்தல் கம்பில் முடிந்தாள். அணிலுக்கு வழியில்லை. ஆனால் பையின் வாய் வானத்தைப் பார்த்தபடி இருந்தது.

பின்னேரம் பிடித்த மழை மூன்று நாள் விடவில்லை.

திரையின் ஓரத்தை ஒரு விரல் அளவு நீக்கிப் பார்த்தாள் றாஹிலா. பை குடம்போல வீங்கியிருந்தது. பந்தல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"மச்சி, காய் தண்ணிக்குள்ள நீந்துது!"

"நீதானேகா பொத்தச் சொன்ன?"

"அழுகிப் போயிரும். பையில ஒரு ஓட்ட போடுங்க. சின்ன ஓட்ட."

ஹாஜறா மீன் வெட்டுகிற கத்தியோடு போனாள். தண்ணீர் பீறிட்டு வந்தது. அதன் பின்னால் மஞ்சளாக என்னவோ வந்தது.

"என்ன மச்சி அது மஞ்சளா?"

"ஒண்டுமில்ல."

"காயில குத்திட்டீங்களா?"

"லேசாத்தான் பட்ட. மருந்து போட்டிரிக்கன்."

மருந்து என்றது அவள் வெற்றிலைக்குப் போடுகிற சுண்ணாம்பு. புடலங்காய் வயிற்றில் வெள்ளைக் கட்டுப் போட்ட நோயாளியாகத் தொங்கியது.

றாஹிலா கண்ணை மூடித் திறந்தாள். அறுத்தெடுக்கவும் வழியில்லை, விதை முற்ற இன்னும் மூன்று நாளாவது வேண்டும். "மச்சி, பந்தல் விழுந்தாக் காய் சிதறிரும். எதிலயாவது இழுத்துக் கட்டுங்க, அல்லாஹ்வுக்காக."

ஹாஜறா உடுப்புக் காயப்போடும் கம்பியோடு பந்தலை இழுத்துக் கட்டினாள். நல்ல இறுக்கமான கட்டு. நான்காம் நாள் விடிய மழை விட்டு வெயில் எட்டிப் பார்த்ததும், மூலையில் குவிந்து கிடந்த பெட்சீட்டுகள் நாலையும் கழுவி அதே கம்பியில் விரித்தாள்.

பத்து மணிபோல வாடைக் காற்று எழும்பியது. நாலு பெட்சீட்டும் கப்பல் பாயாகப் புடைத்தன. கம்பி போனது, கம்பியின் பின்னால் பந்தல் போனது.

அந்த நேரம் பார்த்து வாசலில் குரல் கேட்டது. "அக்கா! ஆரும் இருக்கிறீங்களா?"

சவளக்கடை ஊரில் நாற்று வளர்த்து விற்கும் சுஜிந்தன், காலிதீனை அண்ணன் முறையில் 'காக்கா' என்று கூப்பிடும் கூட்டாளி. சேதி பிந்திக் கிடைத்து, பிறகு பாதையில் வெள்ளமும் நின்றதால் மௌத்துக்கு வர முடியாமல், இப்போதுதான் துக்கம் விசாரிக்க வந்திருந்தான். ஹாஜறா அவனுக்குத் துக்கம் விசாரிக்க நேரம் கொடுக்கவில்லை.

"நல்ல நேரத்தில வந்தீங்க தம்பி. இதப் பிடிங்க. தூக்குங்க!"

பந்தலைத் தூக்கினார்கள். அடியில் பை கிழிந்து, காய் பிளந்து கிடந்தது. உள்ளே சதை சிவக்கச் சிவக்கப் பழுத்திருந்தது. விதைகள் அந்தச் சதையோடு மழைத்தண்ணீரில் வழுக்கி, வரிசையாகத் தெரு வடிகால் கானை நோக்கிப் போய்க்கொண்டிருந்தன.

"விதை! கானுக்குப் போகுது மச்சி!" றாஹிலாவின் குரல் திரையைக் கிழித்துக்கொண்டு வந்தது.

"சத்தம் காட்டாத! ஆம்புள நிக்கிது!"

சுஜிந்தன் சட்டென்று மதிலைப் பார்த்துத் திரும்பி நின்றான், இரண்டு கையிலும் பந்தலைத் தாங்கியபடியே.

பின்னறைக் கதவு திறந்தது. றாஹிலாவின் ஒரு கால் நிலைக்கு உள்ளே, மற்றக் கால் அந்தரத்தில். வெளியே வைத்தால் அவருக்காக இருக்கிற இத்தா முறியும். வைக்காவிட்டால் அவரோடு வளர்த்த விதை போகும்.

ஹாஜறா அந்தக் காலைப் பார்த்தாள். கானைப் பார்த்தாள். முழங்கால் வருத்தத்தால் கதிரையில் இருந்து தொழுகிறவள், ஈர பெட்சீட் ஒன்றை அள்ளிக்கொண்டு சேற்றில் விழுந்தடித்து ஓடி, கானுக்குக் குறுக்கே அதை வலைபோல விரித்தாள்.

"நீ உள்ள போகா! நான் பிடிக்கன்! என்ட தம்பிட விதைய நான் விடுவனா?"

கால் உள்ளே போனது.

பெட்சீட்டில் ஒரு தென்னம்பூ, இரண்டு சோடாப் போத்தல் மூடி, பதினொரு விதை. விதைகளை மட்டும் கழுவி, கதவிடுக்கால் நீட்டினாள். றாஹிலா இரண்டு கையாலும் வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். மௌத்தான அன்றைக்கும் அழாதவள், கதவுக்குப் பின்னால் இருந்து விம்மினாள்.

"முளைக்குமா மச்சி?"

"முளைக்காம? ஒன்ட கை ராசிக்கு முளைக்காம எங்க போகும்?" ஹாஜறா முதல் தடவையாகக் குத்தல் இல்லாமல் சொன்னாள். சேற்றுக் கையாலேயே கண்ணைத் துடைத்தாள்.

சுஜிந்தன் பந்தலை ஒருவழியாக மதிலில் சாய்த்துவிட்டு, ஹாஜறாவைத் தனியாக வரச்சொல்லித் தலையை அசைத்தான். தனி இடம் என்று அவன் தெரிவு செய்து போய் நின்றது, திரை போட்ட அந்த ஜன்னலுக்கு நேர் கீழே. குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"அக்கா, அவவுக்கு மட்டும் கேட்டிரக் கூடாது: அடுப்புப் புகையில வெந்த விதை இத்தின வருசத்தில ஒண்டும் முளைக்கல்ல, ஒவ்வொரு ஒம்பதாம் நாளும் விடிய என்னட்ட நாத்து வாங்கிச் சிரட்டையில வெச்சிப்போட்டுத்தான் காலிதீன் காக்கா அவவக் கூப்பிடுறவர், இந்த வருசத்து நாத்துக்கும் சொல்லி வெச்சிட்டுத்தான் போயிருக்கார்."