மீசைக்கார ஈ

ஒரகடம் பக்கம் அன்று புதிதாக முளைத்துக்கொண்டிருந்த அத்தனை கம்பெனிகளிலும் சல்லடை போட்டுத் தேடினாலும் 'ஈயோட்டி' மாதிரி ஓர் ஆசாமி கிடைத்திருக்க மாட்டார். சேரப்பணஞ்சேரிக்காரர், எங்கள் கம்பெனியில் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். உதிரிபாகங்களை அளக்கக் கொடுத்த வெர்னியரால் ஈயின் இறக்கையை அளப்பார். சூப்பர்வைசர் திட்டினால், "இதுவும் டாலரன்ஸுக்குள்ளதான் சார் கீது" என்பார்.

மூன்று வருடமாக அவர் தேடி அலைந்தது சாதாரண ஈ இல்லை, கொள்ளைக்கார ஈ. பறக்கிற பூச்சியைப் பறந்தபடியே பிடித்து உறிஞ்சுமாம். முகத்தில் மீசை வேறு. கம்பெனிக்குப் பின்னாலிருந்த முள்காட்டில் பெயர் தெரியாத ஒன்றைப் பிடித்து ஒரு கல்லூரிப் பேராசிரியருக்கு அனுப்பினார். "இது பெண். ஆண் கிடைத்தால்தான் இன்ன இனம் என்று சொல்ல முடியும்" என்று பதில் வந்தது. அந்த வாரமே, புது யூனிட் கட்டத் திங்கட்கிழமை காட்டை வழிக்கப்போகிறார்கள் என்று அறிவிப்பு. மனிதருக்குச் சோறு இறங்கவில்லை.

"ஞாயித்துக்கெயம ஓ.டி. வாணாம்பா, என்கூட வாயேன்."

"ஈ பிடிக்கவா அண்ணாச்சி நான் திருநவேலில இருந்து பஸ் ஏறுனேன்?" என்றேன். ஆனாலும் போனேன். வேடிக்கை பார்க்கத்தான்.

கொளுத்தும் வெயிலில் அவர் முள்ளுக்குள் தவழ்ந்தார். நான் நிழலில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே தயிர்சாதத்தை முடித்தேன். அப்போது பக்கத்துக் குச்சியில், வாயில் தேனீயோடு ஒன்று வந்து உட்கார்ந்தது. காலி டிபன் பாக்ஸால் அமுக்கினேன்.

"ஆம்பளைதான் அண்ணாச்சி. மீசையைப் பாருங்க, எங்க ஊரு சுடலைமாடன் தோத்தாரு."

"இதுங்கள்ல பொம்பளைக்கும் மீச கீதுபா. மூஞ்சிய வுடு, வால் நுனிய பாக்கணும்." லென்ஸை வைத்துப் பார்த்தார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "தப்பா செக் பண்ணி, சரியான பீஸ பாஸ் பண்ட்டபா. ஆம்பளதான்."

மறுநாள் பொக்லைன் வந்து காட்டை மொட்டையடித்தது. அவர் அந்த ஆண் ஈயைப் பேராசிரியருக்கு அனுப்பிவைத்தார். சில மாதம் கழித்துப் பேராசிரியரின் கடிதம் வந்தது. வாயில் நுழையாத பெயர். அந்த இனத்தைப் பார்த்தவர்களே ரொம்பக் குறைவாம். லைனில் எல்லாரிடமும் கடிதத்தைக் காட்டினார், ஒருவரும் சட்டை செய்யவில்லை. ஈயோடு அவர் அனுப்பிய சீட்டின் நகலை நான் வாங்கிப் பார்த்தேன். 'பிடித்தவர்' என்ற இடத்தில் என் பெயர் இருந்தது.

"மூணு வருசமா தேடுனது நீங்கல்லா அண்ணாச்சி?"

"புடிச்சவன் பேரத்தாம்பா எய்தணும். ரிப்போர்ட்டுல பொய் எய்தலாமா?"

ஈயைப் பிடித்தவன் நான்தான், சரி. எனக்குப் பிடித்தவர் யார் என்று எழுத அந்தச் சீட்டில் இடமில்லை.