குகன் அண்ணன் ஒன்றாம் தேதி வேலைக்கு வருகிறார்

ஜார்ஜ்டவுன்,
ஞாயிறு காலை

மதிப்புக்குரிய சந்திரசேகரன் மாமா அவர்களுக்கு,

தனுஜா வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நிபோங் திபாலில் நீங்களும் மோகனா அத்தையும் உங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். வாட்ஸ்அப்பில் வருவதெல்லாம் பொய் என்று நீங்கள் சொல்வதால் இதைக் கையால் எழுதுகிறேன்.

சனிக்கிழமை ஆட்டத்திலும் தோற்றால் கால்பந்துப் பயிற்சியாளர் வேலையை விட்டுவிட்டு, நீங்கள் பார்த்துவைத்திருக்கும் கிடங்கு மேற்பார்வை வேலையில் சேர்வதாக அண்ணன் வாக்குக் கொடுத்தார் அல்லவா? தோற்றாயிற்று. ஒன்றாம் தேதி வருகிறார்.

எப்படித் தோற்றது என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். ஆனால் யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. மூன்றாம் பிரிவு லீக்கில் ஒன்பது வருடம் நடுக்களத்தில் ஆடி ஒரு கோல்கூடப் போடாதவர் நம் அண்ணன். பந்து வந்ததும் யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்ப்பார், அதிலேயே காலம் போயிற்று; கல்யாண விருந்தில்கூட அவர் இலைக்கு வரும் வடை பக்கத்து இலைக்குப் போய்விடும். அப்படிப்பட்டவர் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பையன்களுக்குப் பயிற்சி கொடுத்தால் என்ன ஆகும்? அழகாகக் கொடுக்கிறார்கள், அழகாக வாங்குகிறார்கள், எவனும் கோலுக்கு அடிப்பதில்லை. இது போதாதென்று, பையன்கள் ஒருவனையொருவன் கெட்டவார்த்தையில் கூப்பிடுகிறார்கள் என்று பெற்றோர் புகார் சொன்னதால் ஒரு சட்டமும் போட்டார். தன்னைவிடப் பெரியவனை அண்ணே என்றுதான் கூப்பிட வேண்டும். அண்ணே கேட்டால் பந்தைக் கொடுத்துவிட வேண்டும். முன்வரிசையில் ஆடும் பிரையனின் அம்மா ஐரீன் அக்காவுக்கு ஒரே மகிழ்ச்சி. "வீட்லயும் வாய் சுத்தமாயிருச்சு லா! கோல் கிடக்கட்டும் தம்பி" என்றார்.

நேற்று பாகான் டாலாமில் ஆட்டம். கடைசி நிமிடம் வரை இரு பக்கமும் கோல் இல்லை. சமன் ஆனாலே அண்ணன் பிழைத்துக்கொள்வார். அப்போது பிரையன் பந்தோடு தனியாகக் கோல்முன் நிற்கிறான், எதிரணிக் கோல்கீப்பர் வழுக்கி விழுந்து கிடக்கிறான். அண்ணன் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கத்தினார்: "யாரையும் பாக்காதடா, அடி!" பிரையன் திரும்பிப் பார்த்தான். பின்னால் எதிரணியின் உயரமான ஆட்டக்காரன் ஓடிவந்து, "தம்பி, பந்து" என்றான். இவன் கொடுத்துவிட்டான். அவன் அந்தக் கோடிவரை கொண்டுபோய்க் கோல் போட்டான்.

"ஏன்டா குடுத்த?"

"அண்ணே கேட்டாரு, கோச்."

"அவன் எதிர் டீம்டா!"

"தெரியும் கோச். ஆனா மீசை இருக்கே."

திட்டவும் வழியில்லை, சட்டம் இவருடையது. ஃபெரியில் பந்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார். இன்று நீங்கள் அனுப்பிய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருக்கிறார். குளியலறையில் தொங்கும் காலுறைகள் இனி இருக்காது. அதில் எனக்கு வருத்தமில்லை என்று எழுத நினைத்தேன், எழுத வரவில்லை.

அத்தைக்கு என் அன்பு. உங்கள் முழங்காலுக்கு ஜாதிக்காய்த் தைலம் வாங்கி அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். வழியில் யாருக்கும் கொடுக்காமல் இருந்தால் வந்து சேரும். உங்கள் ஆசியை வேண்டி,

தனுஜா

பின்குறிப்பு: மேலே எழுதியதை மறந்துவிடுங்கள் மாமா. தபால்தலை ஒட்டுவதற்குள் லீக் செயலாளர் ஸுல்கிஃப்லி போன் செய்தார். தினமும் நாசி கண்டார் சோற்றுக்கடையில் "அண்ணே, தே தாரிக்" என்று டீ கேட்கிறவர் அவர்; அண்ணே என்றால் மூத்தவர் என்று அவருக்குத் தெரியும். எதிரணியின் அந்தப் பன்னிரண்டு வயதுப் பையனை நம் பையன்கள் மொத்தமாக ஏன் அண்ணே என்கிறார்கள் என்று அவருக்கு உறுத்தியிருக்கிறது. அவனுடைய ஐசி அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தால் பதினைந்து வயது! ஆட்டத்தை மூன்றுக்குப் பூஜ்யம் என்று நமக்கே கொடுத்துவிட்டார்கள். யாருமே அடிக்காத மூன்று கோல். அண்ணனுக்கு இதைவிடப் பொருத்தமான வெற்றி கிடையாது. ஆகவே, வாக்குப்படி, அவர் வரவில்லை.

ஆனால் ஒன்றாம் தேதி காலை வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் உங்கள் வாசலில் நிற்பார். பெயர் அய்யாக்கண்ணு, எதிரணிப் பயிற்சியாளராக இருந்தவர், இந்த விவகாரத்தில் வேலை போய்விட்டது. பையனின் வயதை அவர் விசாரிக்கவே இல்லையாம். கிடங்கில் சரக்கை எண்ணும்போது கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள். சட்டையையும் வேலையையும் அண்ணன்தான் அவருக்குக் கொடுத்தார்.

தைலமும் அவரிடம்தான் இருக்கிறது.